ஷோ நடுவில் நிற்காமல் இருக்க: ஒலி, ஒளிக் கட்டுப்பாட்டுக்கு பேக்கப் அமைக்கும் முழுமையான வழிகாட்டி

மேடையில் நடனம் பாதியில் இருக்கிறது, ட்ராக் (பதிவு செய்த இசை) நின்றுவிட்டது. அடுத்த ஐந்து நொடியில் யார் எந்தப் பொத்தானைத் தொட வேண்டும் என்பதை அந்த ஐந்து நொடிக்குள் யோசித்து முடிவெடுக்க முடியாது. "எங்களிடம் இன்னொரு லேப்டாப் இருக்கிறது" என்று பல குழுக்கள் தைரியமாகச் சொல்கின்றன. கேட்டால் அது பைக்குள் இருக்கும், பாட்டு ஏற்றியிருக்காது, மிக்ஸரில் அதற்கு ஒரு கேபிளும் போயிருக்காது. ஷோவைக் காப்பாற்றுவது இரண்டாவது பெட்டி மட்டும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அந்தக் கணம்தான் முக்கியம். அந்தத் தாவலை வடிவமைத்து, பலமுறை ஒத்திகை பார்த்திருந்தால் பேக்கப் வேலை செய்யும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரி ஷோவை எடுத்துக்கொள்வோம். ஆயிரம் பேர் உட்காரும் அரங்கம், ஒன்றரை மணி நேர நாட்டிய நாடகம், பதிவு செய்த இசை. கதை சொல்பவருக்கு ஒரு கை மைக், முக்கியப் பாத்திரங்களுக்குக் காலர் மைக், ஐம்பது அறுபது லைட், அதில் பாதி மூவிங் ஹெட் (தலை திரும்பும் லைட்). ஒலிக்கு பெஹ்ரிங்கர் எக்ஸ்32 கன்சோல் (கட்டுப்பாட்டு மேசை), ஒளிக்கு கிராண்ட்எம்ஏ3 கன்சோல், பாட்டுக்கு கியூலேப் (பாட்டை வரிசைப்படி ஓட்டும் மென்பொருள்) ஓடும் மேக் கணினி. சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இந்த அளவு ஷோ சாதாரணம். உங்களுடையது இதைவிடச் சிறிதோ பெரிதோ, யோசிக்கும் வரிசை இதேதான்.

படி 1: பாதையை வரைந்து பாருங்கள்

ஒரு தாளில், பாட்டுக் கோப்பில் தொடங்கி ஸ்பீக்கர் வரை ஒலி போகும் வழியை ஒரே கோடாக வரையுங்கள். லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்பின் ஒலியை வெளியே எடுப்பது), டிஐ பாக்ஸ் (அந்தச் சிக்னலைக் கன்சோலுக்கு ஏற்றபடி மாற்றுவது), ஸ்டேஜ் பாக்ஸ் (மேடைக் கேபிள்களைச் சேர்த்துக் கன்சோலுக்கு அனுப்புவது), கன்சோல், பிராசஸர் (ஸ்பீக்கருக்கு ஏற்ப ஒலியைச் சீராக்குவது), ஆம்ப், ஸ்பீக்கர். நடுவில் உள்ள ஒவ்வொரு கேபிளையும் எழுதுங்கள். கோப்பைப் போலவே கேபிளும் சாகும், சொல்லப்போனால் அதுதான் முதலில் சாகும். லைட்டுக்கும் இதே மாதிரி ஒரு கோடு.

இப்போது ஒவ்வொன்றின் பக்கத்திலும் இரண்டு விஷயம் எழுதுங்கள். இது செத்தால் எத்தனை நொடி பொறுக்கலாம்? யார் எதைத் தொட்டு மாற்றுவார்? ட்ராக் நின்றால் ஒரு நொடிகூடப் பொறுக்க முடியாது, ஆடுபவருக்குத் தாளம் போய்விடும். லைட் கன்சோல் உறைந்தால் கடைசிக் காட்சி அப்படியே நிற்கும், பத்து இருபது நொடி யாருக்கும் தெரியாமல் சமாளிக்கலாம். ஒரு மூவிங் ஹெட் செத்தால் கவலையே வேண்டாம். பணமும் கவனமும் இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

கடைசியாக, இரண்டு பாதைக்கும் பொதுவாக இருப்பவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். மெயின் லேப்டாப்பும் பேக்கப் லேப்டாப்பும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருக்கின்றனவா? இரண்டு நெட்வொர்க் சுவிட்சும் ஒரே அடாப்டர் பட்டையில் தொங்குகின்றனவா? இரண்டு கன்சோலையும் இயக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தானா? இரட்டைப் பாதை போட்டும் ஷோ நின்றுபோன இடங்களில் காரணம் பெரும்பாலும் இந்தச் சிவப்பு வட்டங்களில்தான் கிடைக்கும்.

படி 2: மின்சாரம்

நம் ஊரில் முதல் எதிரி இதுதான். மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இடைவெளியில் டிஜிட்டல் கன்சோல் அணைந்து, மறுபடி எழுந்து, காட்சியை ஏற்றி முடிப்பதற்குள் அரங்கமே எழுந்துவிடும். உங்கள் கன்சோல் எழ எத்தனை நொடி ஆகிறது என்று ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் காட்டினால் யூபிஎஸ் வாடகைக்கு அமைப்பாளரிடம் அதிகம் வாதாட வேண்டியிருக்காது.

வாங்குவதோ வாடகையோ, ஆன்லைன் யூபிஎஸ் எடுங்கள். சாதாரண யூபிஎஸ் மின்சாரம் போன பிறகே பேட்டரிக்குத் தாவும், அதற்குச் சில மில்லி நொடி ஆகும். பெரும்பாலான சாதனம் அதைத் தாங்கும், சில தாங்காது. இன்னொரு சிக்கல் ஜெனரேட்டர். அதன் வோல்டேஜும் அதிர்வெண்ணும் ஆடும்போது சாதாரண யூபிஎஸ் திரும்பத் திரும்பப் பேட்டரிக்குப் போய், தேவைப்படும் நேரத்தில் காலியாக நிற்கும். ஆன்லைன் வகை எப்போதும் உள்ளிருந்தே புதிதாக மின்சாரம் செய்து தருவதால் இந்தத் தொல்லை குறைவு.

யூபிஎஸ்ஸில் எதைச் செருகுவது? எக்ஸ்32 கன்சோல் சுமார் 120 வாட். ஸ்டேஜ் பாக்ஸ், நெட்வொர்க் சுவிட்ச், வயர்லெஸ் ரிசீவர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், 1 கேவிஏ யூபிஎஸ்ஸுக்குள் நிம்மதியாக அடங்கும். ஆம்ப்பையும் லைட்டையும் அதில் போடாதீர்கள். ஒலி, ஒளி இரண்டுக்கும் தனித்தனி யூபிஎஸ் இருப்பது நல்லது. கிராண்ட்எம்ஏ கன்சோலுக்குள்ளேயே பேட்டரி உண்டு. ஆனால் பல வருடம் வாடகைக்குச் சுற்றிய கன்சோலில் அந்தப் பேட்டரி செத்திருக்கலாம். லோட்-இன் (சாதனங்களை அரங்கில் இறக்கிப் பொருத்துவது) அன்றே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பவர் சப்ளை உள்ள கன்சோல் என்றால் ஒன்றை யூபிஎஸ்ஸிலும் இன்னொன்றை நேரடி லைனிலும் கொடுங்கள். இரண்டையும் ஒரே யூபிஎஸ்ஸில் செருகினால் அந்த யூபிஎஸ் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும்.

நியூட்ரல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் கழன்றால், குறைந்த சுமை உள்ள ஃபேஸில் 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் அருகே ஏறிவிடும். கன்சோல், லேப்டாப் அடாப்டர், வயர்லெஸ் எல்லாம் ஒரே நொடியில் போகும். எந்த பேக்கப்பும் அதிலிருந்து மீட்காது. ஜெனரேட்டர் முனையில் நியூட்ரல் போல்ட் இறுகியிருக்கிறதா என்று தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் பார்த்து, மீட்டரில் மூன்று ஃபேஸும் அளந்து காட்டிய பிறகே உங்கள் பெட்டிகளை இணையுங்கள். இரைச்சல் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். இரைச்சலுக்கு டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

படி 3: ட்ராக்

இந்த ஷோவின் உயிர் இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே கியூலேப் கோப்பை இரண்டு மேக்கிலும் வையுங்கள். கியூலேப்பில் வொர்க்ஸ்பேஸை (ஷோவின் வரிசை உள்ள கோப்பை) ஆடியோ கோப்புகளோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டும் வசதி இருக்கிறது, அதைக் கொண்டு நகலெடுங்கள். வெறும் வொர்க்ஸ்பேஸ் கோப்பை மட்டும் நகலெடுத்தால் பாட்டுக் கோப்பு வராமல் போய்விடும். இரண்டு மேக்கிலும் ஒரே பதிப்பு கியூலேப், ஒரே மாதிரி அவுட்புட் அமைப்பு. தூக்க நிலை, தானியங்கி அப்டேட், அறிவிப்புகள், டைம் மெஷின், வைஃபை எல்லாவற்றையும் அணையுங்கள். விண்டோஸில் ஏபிள்டன் லைவ் வைத்து ஓட்டுபவருக்கும் இதே விதிதான்.

அடுத்தது இரண்டையும் சேர்த்து ஓட்டுவது. பேக்கப் மெஷின் சும்மா விழித்திருந்தால் போதாது, மெயினோடு கூடவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'கோ' (அடுத்ததைத் தொடங்கும் பொத்தான்) அழுத்தினால் இரண்டும் கிளம்ப வேண்டும். இங்கே நிறையப் பேர் மெயின் மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியாக பேக்கப்புக்கு 'கோ' அனுப்புகிறார்கள். மெயின் செத்தால் அடுத்த 'கோ' யாரிடமிருந்து வரும்? அதனால் 'கோ' வெளியிலிருந்து வந்து இரண்டு மெஷினுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். இதற்கென்றே இரண்டு யூஎஸ்பி வாலோடு 'கோ' பெட்டிகள் விற்கின்றன. செலவு வேண்டாம் என்றால் இரண்டு சின்ன யூஎஸ்பி கீபேடை ஒட்டி வைத்து, இரண்டு விரலால் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். பார்க்க எளிமையாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும்.

இரண்டு மெஷினும் துல்லியமாக ஒரே கணத்தில் தொடங்காது, சில மில்லி நொடி வித்தியாசம் இருக்கும். ஒன்று மட்டும் வெளியே கேட்கும்வரை அது பிரச்சினை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கருக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை. 5 மில்லி நொடி வித்தியாசத்தில் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி ஒலியே காணாமல் போகும். ஆகவே எப்போதும் ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும்.

மாற்றுவதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, கன்சோலிலேயே. மெயின் ட்ராக் இரண்டு சேனல், பேக்கப் ட்ராக் இரண்டு சேனல். எக்ஸ்32-இல் இரண்டையும் வெவ்வேறு மியூட் குரூப்பில் (ஒரே பொத்தானில் சில சேனல்களைச் சேர்த்து மூடும் வசதி) போடுங்கள். மெயினை மூடி பேக்கப்பைத் திறக்க இரண்டு பொத்தான், அவை பக்கத்துப் பக்கத்தில். காது கவனமாக இருக்கும் இன்ஜினியர் ஒரு நொடிக்குள் மாற்றிவிடுவார். செலவு, இரண்டு டிஐயும் இரண்டு கேபிளும்.

இரண்டாவது, கையால் மாற்றும் ஏ/பி சுவிட்ச் பெட்டி. கன்சோல் ட்ராக்கிலிருந்து தூரத்தில் இருந்தால், ட்ராக் ஓட்டுபவரே மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது, தானாக மாறும் பெட்டி. ரேடியல் எஸ்டபிள்யூ8, ஐகனெக்டிவிட்டி பிளேஆடியோ12 போன்றவை இந்த வேலைக்கானவை. மெயின் மெஷின் ஒரு தனி அவுட்புட்டில் இடைவிடாமல் ஒரு டோனை அனுப்பிக்கொண்டே இருக்கும், பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். டோன் நின்றால் மெயின் செத்துவிட்டது என்று பொருள், உடனே பேக்கப்புக்குத் தாவிவிடும். யாரும் எதையும் தொட வேண்டாம்.

தானியங்கிப் பெட்டி வைப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். டோன் போகும் சேனல் எந்தக் காரணத்துக்காகவும் ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது. டோன் அதே கியூலேப்பில் இருந்தே ஓட வேண்டும். வேறு ஒரு புரோகிராமில் ஓடினால், கியூலேப் உறைந்தாலும் டோன் பாடிக்கொண்டிருக்கும், பெட்டி ஏமாந்துவிடும். அதே காரணத்தால், எஸ்கேப் விசையை அழுத்தி எல்லா கியூவையும் (வரிசையில் ஓடும் ஒவ்வொரு கட்டளையும் ஒரு கியூ) நிறுத்தினால் டோனும் நிற்கும், பெட்டி தாவும். அதைத் தெரிந்து வைத்திருங்கள், ஒத்திகையில் ஒருமுறை செய்து பாருங்கள். பேக்கப்புக்குப் போன பிறகு தானாக மெயினுக்குத் திரும்ப விடாதீர்கள். தள்ளாடும் மெஷின் ஒரு நொடி விழித்து, மறுநொடி சாய்ந்தால் ஒலியும் அதோடு சேர்ந்து ஆடும்.

ஆயிரம் பேர் அரங்கத்துக்கு என் தேர்வு முதல் வழிதான். எளிய அமைப்பை எல்லோருக்கும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். டைம்கோடில் (பாட்டோடு சேர்ந்து ஓடும் நேரக் குறியீட்டுச் சிக்னலில்) லைட்டும் வீடியோவும் ஓடும் பெரிய ஷோவுக்குத்தான் தானியங்கிப் பெட்டி நியாயம்.

படி 4: கன்சோலிலிருந்து ஸ்பீக்கர் வரை

பெரிய சுற்றுப்பயணங்களில் இரண்டு எஞ்சின் உள்ள டிஜிகோ எஸ்டி7 மாதிரி கன்சோல் வைப்பார்கள், ஒன்று போனால் மற்றது ஏற்கும். நம் மாதிரி ஷோவுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பன்னிரண்டு சேனல் அனலாக் மிக்ஸர் போதும். ட்ராக் இரண்டு, கதை சொல்பவரின் மைக் ஒன்று, அறிவிப்பு மைக் ஒன்று. இவ்வளவு இருந்தால் நாட்டிய நாடகம் முடியும்வரை ஓடும்.

இதற்கு ட்ராக்கையும் மைக்கையும் கன்சோலுக்குப் போகும் முன்பே ஸ்ப்ளிட் செய்ய (இரண்டாகப் பிரிக்க) வேண்டும். கன்சோலுக்குள் போய் வெளியே வந்த சிக்னலை அவசர மிக்ஸருக்குக் கொடுத்தால் கன்சோல் போகும்போது அதுவும் போகும். அவசர மிக்ஸரின் அவுட்புட் ஸ்பீக்கர் பிராசஸரின் வேறு ஜோடி இன்புட்டுக்குப் போகட்டும். லேக் என்ற பிராண்டு மாதிரி பிராசஸரில் இன்புட்டுகளுக்கு முன்னுரிமை வரிசை கொடுக்கலாம், டிஜிட்டல் சிக்னல் போனால் தானாக அனலாகுக்கு இறங்கும். அந்த வசதி இல்லாத பிராசஸரில் ஒரு பிரீசெட் செய்து வைத்து, கையால் கூப்பிடுங்கள்.

எக்ஸ்32-க்கும் ஸ்டேஜ் பாக்ஸுக்கும் நடுவே ஓடும் ஏஇஎஸ்50 கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். ஷீல்டு உள்ள கேட்5இ, இரு முனையிலும் உலோக ஈதர்கான் கனெக்டர். ஷீல்டு இல்லாத கேபிளில் நிலைமின்சாரம் ஒரு தட்டுத் தட்டினாலே தொடர்பு அறுந்து ஒட்டும். ஒரு கேபிள் ஓட்டும்போதே பக்கத்தில் இன்னொன்றையும் ஓட்டி, இரு முனையிலும் பெயர் ஒட்டி வையுங்கள். முடிந்தால் வேறு பாதையில். ஒரே இடத்தில் நாற்காலிக் கால் ஏறினால் இரண்டும் சேர்ந்து நசுங்கும்.

படி 5: மைக்

முக்கியப் பாத்திரத்துக்கு இரண்டு காலர் மைக், இரண்டு டிரான்ஸ்மிட்டர் போடுவது மேற்கத்திய இசை நாடகங்களில் வழக்கம். இங்கே அவ்வளவு சேனல் கிடைக்காது. பக்கவாட்டில் திரைக்குப் பின்னால், இயக்கி, சோதித்து, மியூட்டில் ஒரு கை மைக், அதை ஓடிப்போய்க் கொடுக்கும் ஒரு ஆள். கதை சொல்பவருக்கு வயர்லெஸ்ஸோடு ஒரு ஒயர் மைக்கும் ஸ்டாண்டில். ஒயர் மைக்குக்குப் பேட்டரியும் வேண்டாம், அலைவரிசையும் வேண்டாம்.

படி 6: லைட் கன்சோல்

கிராண்ட்எம்ஏ3-இல் இரண்டு கன்சோலை ஒரே செஷனில் இணைத்தால் ஷோ கோப்பு தானாக ஒத்துப்போகும், ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும். ஈடிசி ஈயோஸ் கன்சோலில் பிரைமரி, பேக்கப் என்று பாத்திரம் கொடுக்கலாம். அவோலைட்ஸ் டைட்டனிலும் பேக்கப் செஷன் உண்டு. எல்லாவற்றுக்கும் பொது விதி, இரண்டிலும் ஒரே மென்பொருள் பதிப்பு. வாடகைக் கன்சோல் இரண்டு இடத்திலிருந்து வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டாவது கன்சோலுக்குப் பதில் லேப்டாப்பில் ஆன்பிசி (கிராண்ட்எம்ஏ3-இன் கணினி மென்பொருள்) வைக்கலாம். ஆனால் மெயின் கன்சோல் போன பிறகு மிச்சம் இருக்கும் சாதனங்களின் பாராமீட்டர் (லைட்டின் நிறம், நகர்வு போன்ற ஒவ்வொரு கட்டுப்பாடும்) எண்ணிக்கை உங்கள் லைட் எல்லாவற்றுக்கும் போதுமா என்று மெயினை அணைத்துப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

வேறு வேறு கம்பெனி கன்சோல் இரண்டு இருந்தாலும் பேக்கப் அமைக்கலாம். இதற்கு, லைட் தரவை நெட்வொர்க்கில் அனுப்பும் எஸ்ஏசிஎன் என்ற நெறிமுறையின் முன்னுரிமை எண் கைகொடுக்கும். ஒவ்வொரு கன்சோலும் அனுப்பும் தரவோடு 0 முதல் 200 வரை ஒரு எண் போகும், வழக்கமாக 100. ஒரே யூனிவர்ஸுக்கு (லைட் சேனல்களின் ஒரு தொகுதி) இரண்டு கன்சோல் அனுப்பினால் நோடு (நெட்வொர்க் தரவை லைட்டுக்கான சிக்னலாக மாற்றும் பெட்டி) பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். மெயினுக்கு 100, பேக்கப்புக்கு 90 கொடுங்கள். இரண்டும் ஓடட்டும். மெயினிலிருந்து 2.5 நொடி எதுவும் வராவிட்டால் அது போய்விட்டது என்று நோடு முடிவு செய்து 90-க்கு இறங்கும். அந்த இடைவெளியில் கடைசிக் காட்சி நிற்கும், பார்வையாளர் கவனிப்பது அரிது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கன்சோலின் திரையும் பொத்தானும் உறைந்து, நெட்வொர்க் பகுதி மட்டும் உயிரோடு இருந்தால் அது பழைய தரவையே 100 என்ற எண்ணோடு அனுப்பிக்கொண்டே இருக்கும். நோடுக்கு எந்தச் சந்தேகமும் வராது. அதற்கு ஒரே மருந்து, மெயின் கன்சோலின் நெட்வொர்க் கேபிளை உருவுவதுதான். அந்தக் கேபிளில் சிவப்பு டேப் சுற்றி, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

இதே வேலைக்கான இன்னொரு நெறிமுறையான ஆர்ட்நெட்டில் இப்படி முன்னுரிமை எண் கிடையாது. இரண்டு கன்சோலின் தரவையும் நோடு கலந்துவிடும். பெரிய மதிப்பு வெல்லும் முறையில் கலந்தால், டிம்மருக்குப் பரவாயில்லை. மூவிங் ஹெட்டோ இரண்டு கன்சோலும் சொல்லாத மூன்றாவது ஒரு இடத்தைப் பார்த்து நிற்கும். ஒரு கன்சோல் நின்றுபோன பிறகும் அதன் கடைசி மதிப்பை நோடு பத்து நொடி கலவையில் வைத்திருக்கும். ஆகவே ஆர்ட்நெட் மட்டும்தான் இருக்கிறது என்றால் பேக்கப் கன்சோலின் அவுட்புட்டை அணைத்து வைத்து, தேவைப்படும்போது கையால் திறங்கள். இரண்டு டிஎம்எக்ஸ் (லைட்டுக்குக் கட்டளை கொண்டுபோகும் சிக்னல்) அவுட்புட்டை ஒய் கேபிளில் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே கம்பியில் இரண்டு பேர் பேசினால் லைட்டுக்கு எதுவும் புரியாது. டிஎம்எக்ஸ் மெர்ஜர் அல்லது ஏ/பி சுவிட்ச் போடுங்கள்.

இனி, காசு செலவில்லாத ஒரு வேலை. முன்பக்க வாஷ் (பரவலாக ஒளி தரும்) லைட்டுகளை ஒரே நோடில், ஒரே பிரேக்கரில் அடுக்காதீர்கள். ஒற்றைப்படை எண் லைட் ஒரு நோடு, ஒரு ஃபேஸ். இரட்டைப்படை எண் லைட் இன்னொரு நோடு, இன்னொரு ஃபேஸ். ஒரு பக்கம் முழுதாகச் செத்தாலும் மேடை முழுவதும் பாதி வெளிச்சத்தில் தெரியும். ஆடுபவருக்கு விளிம்பு தெரியும், முகம் தெரியும். பேட்ச் (எந்த லைட் எந்த இணைப்பில் என்ற ஒதுக்கீடு) போடும்போது ஐந்து நிமிடம் யோசித்தால் கிடைப்பது இது. எனக்குத் தெரிந்து லைட் பேக்கப்பில் இதைவிட லாபமான வேலை வேறில்லை.

ஒரு சில எல்ஈடி பார்களை டிஎம்எக்ஸ் இல்லாமல், வெறும் சுவிட்சில் எரியும்படி மேடைப் பக்கம் வையுங்கள். டிஸ்சார்ஜ் பல்பு உள்ள ஷார்ப்பி வகை லைட்டுகளை நம்ப முடியாது. மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் பல்பு ஆறிய பிறகே மறுபடி பற்றும், அதற்குச் சில நிமிடம் ஆகும்.

ஒவ்வொரு லைட்டின் மெனுவிலும், நோடின் அமைப்பிலும், சிக்னல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். 'பிளாக்அவுட்' இருந்தால் 'ஹோல்டு' என்று மாற்றுங்கள். சில நோடுகளில் ஒரு காட்சியைப் பதிந்து வைத்து, சிக்னல் போனால் அதை எரியவிடலாம். பொது வாஷ் ஒன்றைப் பதியுங்கள். ஆப்டோ ஸ்ப்ளிட்டர் போட்டுக் கிளைகளாகப் பிரித்தால், ஒரு லைட் ஷார்ட் ஆனாலும் அந்தக் கிளை மட்டும்தான் போகும். கடைசி லைட்டில் 120 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுப்பது) மறக்க வேண்டாம்.

படி 7: நெட்வொர்க், டைம்கோட்

ஒலிக்கும் ஒளிக்கும் தனித்தனி சுவிட்ச், வைஃபைக்கு மூன்றாவது. டேப்லெட்டில் மிக்ஸ் செய்பவர் கன்சோலை நேரில் தொடத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். ஆயிரம் ஃபோன் உள்ளே வந்த பிறகு வைஃபை எப்படி நடந்துகொள்ளும் என்று காலி அரங்கத்தில் தெரியாது.

டான்டே (நெட்வொர்க் கேபிளில் ஒலி அனுப்பும் முறை) வைத்திருப்பவர்களுக்குப் பெரிய வசதி, பிரைமரி, செகண்டரி என்று இரண்டு நெட்வொர்க். ஒரே ஒலி இரண்டிலும் ஓடுவதால் ஒன்று அறுந்தாலும் ஒரு சொடுக்குச் சத்தம்கூட வராது. சாதனத்தின் அமைப்பில் 'ஸ்விட்ச்டு' என்று இருப்பதை 'ரிடண்டண்ட்' என்று மாற்ற வேண்டும். இரண்டு நெட்வொர்க்குக்கும் இரண்டு சுவிட்ச் பெட்டி, இரண்டு மின் இணைப்பு. ஒன்றின் கேபிள் தவறிப்போய் மற்றதில் ஏறவே கூடாது, அதனால் கேபிள் நிறத்தை வேறாக வையுங்கள். டான்டே வர்ச்சுவல் சவுண்ட்கார்டுக்கு இந்த இரட்டைப் பாதை கிடையாது. லேப்டாப்பிலிருந்து டான்டேயில் ட்ராக் அனுப்புபவர்கள் இதை மனதில் வையுங்கள். சுவிட்சில் மின்சிக்கன ஈதர்நெட் வசதியை அணையுங்கள், டான்டேயின் கடிகாரத்தை அது குழப்பும்.

டைம்கோடில் லைட் ஓடினால், எல்டிசி (ஒலியாகப் பதிந்த டைம்கோட்) ட்ராக்கும் பாட்டோடு அதே மாற்றுப் பெட்டி வழியாகவே போக வேண்டும். பாட்டு பேக்கப்புக்குத் தாவி, டைம்கோட் செத்த மெஷினிலேயே நின்றுவிட்டால் லைட் அங்கேயே உறையும். கூடவே, லைட்டை டைம்கோடிலிருந்து விடுவித்துக் கையால் 'கோ' அடித்து ஓட்ட லைட் ஆபரேட்டருக்குக் கியூ பட்டியல் காகிதத்தில் இருக்கட்டும்.

படி 8: கோப்பு

கடைசி ஒத்திகை முடிந்ததும் ஷோ கோப்பு கன்சோலில் ஒன்று, பென் டிரைவில் இரண்டு. ஒரு பென் டிரைவ் மேடை மேலாளரிடம். பெயரில் தேதியும் நேரமும். 'ஃபைனல்', 'ஃபைனல் புது' என்று பெயர் வைக்க வேண்டாம். பேக்கப் மெஷினிலும் அதே கோப்பு ஏறியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

படி 9: பிளக்கைப் பிடுங்குங்கள்

2013 பிப்ரவரி 3 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் (அமெரிக்கக் கால்பந்து இறுதி) ஆட்டத்தின் நடுவே அரங்கத்தின் பாதி இருண்டு, ஆட்டம் 34 நிமிடம் நின்றது. மின்கோளாறிலிருந்து அரங்கத்தைப் பாதுகாக்கப் பொருத்திய ஒரு ரிலேயே (மின் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் கருவி) அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. பாதுகாப்புக்கென்று நாம் சேர்க்கும் ஒவ்வொரு பெட்டியும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு பெட்டிதான். ஏ/பி சுவிட்ச், மெர்ஜர், யூபிஎஸ் எல்லாம் இதில் சேரும். அதனால் முழு ஒத்திகையில், ட்ராக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கொல்லுங்கள்:

1. மெயின் லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளை உருவுங்கள். அப்புறம் புரோகிராமை வலுக்கட்டாயமாக மூடுங்கள். இரண்டும் வேறு வேறு வகைச் சாவு.
2. ஏ/பி பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். எந்தப் பக்கம் நிற்கிறது, ஒலி போகிறதா, போகாதா?
3. ஒலி யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் பேட்டரியில் ஓட்டுங்கள்.
4. ஸ்டேஜ் பாக்ஸ் கேபிளை உருவி, ஸ்பேர் கேபிளுக்கு மாற்றுங்கள்.
5. லைட் கன்சோலை முறைப்படி அணைக்காமல் மின்சாரத்தை நிறுத்துங்கள்.
6. ஒரு நோடு, பிறகு ஒரு நெட்வொர்க் சுவிட்ச்.
7. ஒலிக் கன்சோல். அவசர மிக்ஸரில் ட்ராக்கும் மைக்கும் வர எத்தனை நொடி?

ஒவ்வொன்றுக்கும் ஆன நேரத்தைப் படி 1-இன் தாளில் எழுதுங்கள். நீங்கள் எழுதிய பொறுமை எல்லையைத் தாண்டுவது எதுவோ, அதைத்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்பீக்கரை முதலில் குறைத்து வையுங்கள், சில சோதனையில் பலமான 'டப்' வரும். நடனக் கலைஞர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: பாட்டு நின்றால் அந்த நிலையிலேயே நில்லுங்கள், லைட் போனால் அசையாதீர்கள். மேடை விளிம்பிலிருந்து யாரும் விழக் கூடாது.

ஷோ அன்று

மாற்றச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பது முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். ட்ராக் செத்தால் கேட்காமலே ஒலி இன்ஜினியர் மாற்றுவார். மற்றவை எல்லாம் மேடை மேலாளர் இன்டர்காமில் சொன்ன பிறகு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றினால் இருவரும் சேர்ந்து செத்த பக்கத்துக்கே திரும்பப் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பேக்கப்புக்குப் போனதும் அங்கேயே இருங்கள். மெயினைச் சரிசெய்து உடனே திரும்பும் ஆசை எல்லோருக்கும் வரும். இடைவேளை வரை காத்திருங்கள். இடைவேளையில்கூட, காரணம் தெரிந்து, சரியாகிவிட்டது என்று உறுதியானால் மட்டும் திரும்புங்கள். காரணம் தெரியாவிட்டால் ஷோ முடியும்வரை பேக்கப்பே மெயின். அந்த நேரத்தில் அதற்கு அடுத்த பேக்கப் எது என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு ஃபோனில் முழு ட்ராக்கும், ஃபிளைட் மோடில், கேபிள் செருகிய நிலையில் இருந்தால் அதுவே மூன்றாவது வரிசை.

எல்லாமே போய் அரங்கம் இருண்டால், பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் மேடை மேலாளர் கையில் இருக்க வேண்டும். "இடத்திலேயே உட்காருங்கள், சில நிமிடத்தில் தொடங்குவோம்" என்று தெளிவான குரலில் சொன்னால் கூட்டம் நகராது. ஆயிரம் பேர் இருட்டில் வாசலை நோக்கி எழுவதைத் தடுக்கும் வேலை அது, அதனால் இதையும் சாதனப் பட்டியலில் சேர்த்து, பேட்டரி போட்டு, சத்தம் கேட்டு வையுங்கள்.

ஷோ முடிந்து பெட்டி கட்டும்போது, சந்தேகம் வந்த கேபிளைச் சுற்றி அதே டிரங்கில் போடாதீர்கள். முனையில் முடிச்சுப் போட்டு, தேதி எழுதித் தனியாக வையுங்கள். மறுநாள் டெஸ்டரில் பார்த்து, கெட்டிருந்தால் வெட்டிவிடுங்கள். எந்தக் கியூவில் என்ன போனது, எத்தனை நொடியில் மீண்டது என்று அந்தத் தாளிலேயே குறித்து, அடுத்த ஊரில் லோட்-இன் செய்யப் போகும் குழுவுக்குப் புதிய ஷோ கோப்போடு சேர்த்துக் கொடுங்கள்.